யூனியன்கள் ஃபெடரல் நீதிபதி நியமனத்தில் தலையிட வேண்டுமா? (அமெரிக்கா)

நைட்ஷிப்ட்

வணக்கம். மிச்சிகனில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் யூனியனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ஒருவரைப் பரிந்துரைத்திருக்கிறார், செனட் ஒப்புக்கொண்டால்தான் அவர் நீதிபதி ஆவார், அவர் விஷயமாக உங்கள் செனட்டருக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் எழுந்து, "நமக்கும் நீதிபதிக்கும் என்ன சம்பந்தம்? சம்பளத்தையும் ஆள் பற்றாக்குறையையும் பேசுங்கள்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் வார்டில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு சார்ஜ் நர்ஸ் உண்டு. யாருக்கு எந்த அறை என்று ஷிப்ட் ஆரம்பத்தில் ஒரு தாளில் எழுதுவது அவர் வேலை. அதை எழுதி முடித்ததும் அவரும் எங்களோடு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறார், ஐ.வி. போடுகிறார், ராத்திரி மூன்று மணிக்கு மருந்து எண்ணுகிறார். அதற்காக மணிக்குக் கொஞ்சம் கூடுதல் காசு, அவ்வளவுதான். யாரையும் வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ அவரால் முடியாது. ஆனால் யூனியன் அமைக்க ஓட்டெடுப்பு என்று வந்ததும், நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் நிர்வாகம் செய்த முதல் காரியம், சார்ஜ் நர்ஸ்கள் எல்லாம் சூப்பர்வைசர்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று சொன்னதுதான். யூனியனுக்காக முன்னால் நின்று பேசியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

இந்த வாதம் எங்கிருந்து வந்தது? 2001-இல் கென்டக்கி ரிவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்ன தீர்ப்பிலிருந்து. எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. அனுபவமுள்ள நர்ஸ் தன் தொழிலறிவை வைத்து உதவியாளர்களுக்கு வேலை சொல்வது சூப்பர்வைசர் அதிகாரம் ஆகாது என்று, யூனியன் தகராறுகளை விசாரிக்கும் ஃபெடரல் தொழிலாளர் வாரியம் சொல்லிவந்தது. அந்த விளக்கம் செல்லாது என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 2006-இல் வாரியமே, இங்கே மிச்சிகனில் டெய்லர் ஊர் மருத்துவமனையின் நிரந்தர சார்ஜ் நர்ஸ்களை சூப்பர்வைசர் கணக்கில் சேர்த்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி ஓட்டுப் போட்டிருந்தால் என் தோழிகளுக்கு ஓட்டு இருந்திருக்கும். பிறகு எப்படி சம்பந்தம் இல்லை என்கிறார்கள்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

டெக்சாஸ்வாசி

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சூப்பர்வைசருக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியது நீதிபதி இல்லையே. 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் போட்டு காங்கிரஸ்தான் அப்படிச் செய்தது. சட்டம் பிடிக்கவில்லை என்றால் சட்டத்தை மாற்றப் போராடுங்கள். நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் யூனியன் ஒரு பக்கம், முதலாளிகள் சங்கம் இன்னொரு பக்கம் நின்று இழுத்தால், நாளைக்கு ஒரு சாதாரண ஆள் வழக்குக்குப் போகும்போது "இவர் யார் ஆள்?" என்றுதான் முதலில் கேட்பான். ஆயுள் முழுக்கப் பதவி கொடுத்ததே அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்குத்தானே.

நான் யூனியனுக்கு எதிரி இல்லை. என் அப்பா ஊரில் போக்குவரத்துக் கழகத்தில் யூனியன் உறுப்பினராக இருந்தவர்.

கருப்பு அங்கி

வக்கீல் தொழில் பார்க்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சட்டத்தை மாற்றுங்கள்" என்று டெக்சாஸ்வாசி சொல்வதை அமெரிக்கத் தொழிலாளர்கள் செய்து பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது கோர்ட் தடையாணை. 1894 புல்மன் ரயில்வே வேலைநிறுத்தத்தை முறித்ததும் ஃபெடரல் கோர்ட் தடையாணைதான். அதை மீறியதற்காக யூனியன் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறைக்குப் போனார், 1895-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. அப்புறம் ஏகபோகத்தைத் தடுக்க வந்த ஷெர்மன் சட்டத்தை யூனியன் மீதே திருப்பினார்கள். டான்பரி ஊரில் தொப்பி செய்கிறவர்கள் ஒரு கம்பெனியைப் புறக்கணிக்கச் சொன்னதற்காக வழக்கு நடந்து, தனித்தனித் தொழிலாளிகளின் வீட்டுக்கும் வங்கிச் சேமிப்புக்கும் ஜப்தி வந்தது.

இதையெல்லாம் நிறுத்தத்தான் யூனியன்கள் பாடுபட்டு 1914-இல் கிளேட்டன் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மனித உழைப்பு ஒரு சரக்கு அல்ல என்று அதில் எழுதியிருந்தது. அன்றைய யூனியன் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அதைத் தொழிலாளரின் மேக்னா கார்ட்டா (உரிமைச் சாசனம்) என்று கொண்டாடினார். ஏழே வருடம். 1921-இல் டூப்ளெக்ஸ் வழக்கில், அச்சு இயந்திரக் கம்பெனி ஒன்றுக்கு எதிரான புறக்கணிப்பு விஷயத்தில், அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று சொல்லிவிட்டது. நீதிபதிகள் பிராண்டைஸ், ஹோம்ஸ், கிளார்க் மூவரும் மறுத்தார்கள். காங்கிரஸ் சட்டம் போட்டாயிற்று, ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிற்று, ஆனால் தடையாணைகள் நிற்கவில்லை.

சட்டம் எழுதுவதோடு வேலை முடியாது, அதை வாசிக்கப்போவது யார் என்றும் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் யூனியன்களுக்கு உறைத்தது. 1930-இல் ஜனாதிபதி ஹூவர், ஜான் பார்க்கர் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். பார்க்கர் 1927-இல் ரெட் ஜாக்கெட் நிலக்கரி வழக்கில் எழுதிய தீர்ப்பு அப்போது பிரசித்தம். வேலைக்குச் சேரும்போதே "நான் யூனியனில் இல்லை, இங்கே இருக்கும்வரை சேரவும் மாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவார்கள். யெல்லோ டாக் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட சுரங்கக் கம்பெனிகளுக்காக, அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் யூனியன் ஆட்கள் ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தூண்டக்கூடாது என்ற தடையாணையை பார்க்கர் உறுதி செய்தார். யூனியன்களின் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-இன் தலைவர் வில்லியம் கிரீன் செனட் குழு முன் போய் எதிர்த்தார். கறுப்பின மக்கள் அரசியலில் பங்கெடுப்பது கேடு என்ற பொருளில் 1920 கவர்னர் தேர்தலில் பார்க்கர் பேசியிருந்ததை எடுத்துக்கொண்டு, கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. தனியாக எதிர்த்தது. 39-க்கு 41 என்று தோற்றார் பார்க்கர். அவருக்குப் பதில் வந்தவர் ஓவன் ராபர்ட்ஸ்.

இரண்டே வருடத்தில், 1932-இல், நாரிஸ்-லாகார்டியா சட்டம் வந்தது. யெல்லோ டாக் ஒப்பந்தத்தை ஃபெடரல் கோர்ட்டில் அமல்படுத்த முடியாது, தொழில் தகராறில் இஷ்டத்துக்குத் தடையாணை கொடுக்கவும் முடியாது. சட்டத்தின் பெயரில் இருக்கும் செனட்டர் நாரிஸ், பார்க்கரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். ஆக நியமனப் போராட்டமும் சட்டப் போராட்டமும் கூடவே நடந்தன. ஒன்றை விட்டு இன்னொன்றைச் செய்யுங்கள் என்று சொல்வது அந்த வரலாற்றுக்கு ஒத்துவரவில்லை.

டெக்சாஸ்வாசி

நன்றி சார், விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குச் சாதகமாகத்தான் தெரிகிறது. பார்க்கர் தன் இஷ்டத்துக்குத் தீர்ப்பு எழுதவில்லை. 1917-இல் ஹிட்ச்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்த ஒப்பந்தங்களைச் செல்லும் என்று சொல்லியிருந்தது. கீழே உள்ள நீதிபதி அதைப் பின்பற்றினால் அது குற்றமா? பின்னால் நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்காவின் மாற்று நீதிபதியாகப் போனவரும் அவர்தான்.

1969-இல் நிக்சன் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த நீதிபதி ஹெய்ன்ஸ்வொர்த்தையும் யூனியன்கள் சேர்ந்து தோற்கடித்தார்கள், 45-க்கு 55. அவர் அதே பழைய கோர்ட்டில் சாகும்வரை மரியாதையாக இருந்தார். சவுத் கரோலினாவின் கிரீன்வில்லில் ஃபெடரல் கட்டடத்துக்கு அவர் பெயரே வைத்தார்கள். ஒரு தீர்ப்பை வைத்து ஒரு மனிதரை எடை போடுவது நியாயமா?

கருப்பு அங்கி

நல்ல கேள்வி. பார்க்கரைப் பொறுத்தவரை, முன்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டேன் என்பதுதான் அவர் தரப்பு வாதமும். நானும் அதில் ஓரளவு உண்மை இருப்பதாக நினைக்கிறேன். ஆனால் 1951-இல் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது பற்றிய சவுத் கரோலினா வழக்கில், பிரிவினை செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான். அந்த வழக்கு மேலே போய் பிரவுன் வழக்கோடு சேர்ந்து 1954-இல் கவிழ்ந்தது. அன்றைக்கு என்.ஏ.ஏ.சி.பி. பயந்தது வீண் பயம் என்று சொல்ல முடியாது.

ராபர்ட்ஸ் கதை இன்னும் முக்கியம். அவரும் யூனியன் ஆள் இல்லை, கம்பெனி வக்கீலாக இருந்தவர். 1936-இல் நியூயார்க்கின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அடுத்த வருடம் வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி ஊர் ஓட்டலில் அறை சுத்தம் செய்த எல்சி பாரிஷ் என்ற பெண், தனக்கு வரவேண்டிய 216 டாலர் 19 சென்ட் கூலிப் பாக்கிக்காகப் போட்ட வழக்கில் மறுபக்கம் நின்றார். 5-க்கு 4, குறைந்தபட்சக் கூலி செல்லும். இரண்டு வாரம் கழித்து ஜோன்ஸ் அண்ட் லாக்லின் இரும்பாலை வழக்கு. யூனியனில் சேர்ந்ததற்காக அலிக்விப்பாவில் வேலை இழந்தவர்களின் வழக்கு அது. அதிலும் 5-க்கு 4. யூனியன் அமைக்கும் உரிமையைத் தந்த வாக்னர் சட்டம் பிழைத்தது. இன்றைக்கு நைட்ஷிப்ட் அக்கா யூனியன் கூட்டம் போட முடிகிறது என்றால் அந்த ஓட்டால்தான். அந்த நாற்காலியில் பார்க்கர் இருந்திருந்தால் எப்படி ஓட்டுப் போட்டிருப்பார் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் யூனியன் கேட்டது "எங்கள் ஆளை உட்கார வை" என்பதல்ல. "முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டவரை உட்கார வைக்காதே" என்பதுதான்.

ஹெய்ன்ஸ்வொர்த் விஷயத்தில் முழுக் கதையைச் சொல்ல வேண்டும். 1956-இல் சவுத் கரோலினாவின் டார்லிங்டன் ஜவுளி ஆலையில் தொழிலாளர்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்டார்கள். சில மாதங்களில் ஆலையை மூடி, இயந்திரங்களை ஏலம் விட்டார்கள். ஐந்நூறு பேர் வரை வீதிக்கு வந்தார்கள். வாரியம் இது தவறு என்றது. வழக்கு ஹெய்ன்ஸ்வொர்த் இருந்த நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, 3-க்கு 2 என்று கம்பெனி ஜெயித்தது, அந்த மூவரில் அவர் ஒருவர். டார்லிங்டன் ஆலை எந்தக் குழுமத்தைச் சேர்ந்ததோ, அதே குழுமத்தின் ஆலைகளில் காபி, தின்பண்ட இயந்திரங்கள் வைத்திருந்த கம்பெனியில் அப்போது அவருக்குப் பங்கும் இருந்தது. 1965-இல் உச்ச நீதிமன்றம், மற்ற ஆலைத் தொழிலாளிகளை மிரட்டுவதற்காக ஓர் ஆலையை மூடினால் அது சட்டவிரோதம் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நஷ்டஈடு கைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1980-இல் செய்த உடன்படிக்கையின்படி. வேலை போனபோது நாற்பது வயதில் இருந்தவருக்கு அறுபத்து நான்கு ஆகியிருக்கும். பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வாரிசுகள் வாங்கினார்கள். ஹெய்ன்ஸ்வொர்த் நேர்மையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பங்கு வைத்திருந்தவர் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டாமா என்று கேட்கும் உரிமை, அந்தத் தொழிலாளிகளைத் தவிர வேறு யாருக்கு அதிகம்?

ஆலைக்காரன்

பெரம்பூர்க்காரன் நான். இப்போது மகள் வீட்டில், நியூஜெர்சியில். தடையாணை என்றதும் எங்கள் பேட்டைக் கதை ஞாபகம் வந்தது, சம்பந்தம் உள்ளதால் சொல்கிறேன்.

1920 கடைசியில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில் கதவடைப்பில் இருந்தபோது, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீதும் மற்ற நிர்வாகிகள் மீதும் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டுகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கோர்ட் தடையாணை கொடுத்தது. மேற்கு வர்ஜீனியா சுரங்கத்தில் சொன்ன அதே வாதம், ஏறக்குறைய அதே காலம். தடையாணை வந்ததும், சங்கத்தை நடத்தினாலே வழக்கு வரலாம் என்று ஆகிவிட்டது. என்.எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்த மாதிரி வழக்கிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது.

அன்றைக்கு நீதிபதியை நியமித்தது வெள்ளைக்கார அரசு. யாரை நியமிக்கிறார்கள் என்று கேட்க மில் தொழிலாளிக்கு வழியே இல்லை. உங்களுக்கு இங்கே செனட்டர் என்று ஒருவர் இருக்கிறார், போன் எடுத்தால் ஆபீசில் யாராவது பேசுகிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள் தம்பி.

ஆய்வு மாணவி

நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர், எங்களுக்கும் யூனியன் இருக்கிறது. நாங்கள் தொழிலாளரா மாணவரா என்பதே ஆள் மாற மாற மாறும். 2004-இல் தனியார் பல்கலைக்கழக விஷயத்தில் வாரியம் இல்லை என்றது, 2016 கொலம்பியா முடிவில் ஆம் என்றது.

வாரியமாவது சில வருடத்தில் மாறும். கோர்ட் அப்படி இல்லை. 2016 ஜனவரியில் கலிபோர்னியா ஆசிரியர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. உறுப்பினராக இல்லாத அரசு ஊழியரிடம், பேச்சுவார்த்தைச் செலவுக்காக யூனியன் வசூலிக்கும் கட்டணம் செல்லுமா என்பதுதான் கேள்வி. பிப்ரவரியில் ஸ்காலியா இறந்தார். மார்ச்சில் 4-க்கு 4, சமமாகப் பிரிந்ததால் கட்டணம் தப்பியது. ஸ்காலியாவின் இடத்துக்கு ஒபாமா பரிந்துரைத்த கார்லண்டுக்கு செனட் விசாரணைகூட வைக்கவில்லை. 2017 ஏப்ரலில் கோர்சச் வந்தார். 2018 ஜூனில் ஜானஸ் வழக்கு, அதே கேள்வி, 5-க்கு 4, கட்டணம் செல்லாது. 1977-இலிருந்து நாற்பது வருடமாக நடைமுறையில் இருந்த விதி போய்விட்டது. யூனியன் இன்றைக்கும் உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும், அவரிடம் ஒரு பைசா கேட்க முடியாது. நடுவில் எந்தச் சட்டமும் மாறவில்லை, நாற்காலியில் ஆள் மட்டும் மாறினார்.

டெக்சாஸ் நண்பருக்கு ஒரு கேள்வி. 2022-இல் ஸ்பேஸ்எக்ஸில் எழுதிய திறந்த கடிதத்துக்காக எட்டுப் பேரைச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று 2024 ஜனவரியில் வாரியம் புகார் பதிவு செய்தது. மறுநாளே நிறுவனம் வாரியத்தின் அமைப்பே அரசியலமைப்புக்கு விரோதம் என்று உங்கள் மாநிலத்தில் வழக்குப் போட்டது. இதே வாதத்தோடு போட்ட இன்னொரு வழக்கில் டெக்சாஸ் மாவட்ட நீதிபதி தடையாணை கொடுத்தார், 2025 ஆகஸ்டில் ஐந்தாவது வட்டாரம் அதை உறுதி செய்தது. ஏன் டெக்சாஸ் என்று யோசித்தீர்களா?

டெக்சாஸ்வாசி

யோசித்திருக்கிறேன். இங்கே சில ஊர்களில் ஒரே ஒரு ஃபெடரல் நீதிபதிதான். வழக்கை அந்த ஊரில் போட்டால் பெரும்பாலும் அவரிடம்தான் போகும். இடதோ வலதோ, வக்கீல் நீதிபதியைப் பொறுக்கி எடுப்பதை நான் ஏற்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆனால் ஜானஸ் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அரசு ஊழியரின் சம்பளப் பேச்சு அரசு வரிப்பணத்தைப் பற்றிய பேச்சு, அது அரசியல்தான். தனக்கு உடன்பாடில்லாத அரசியலுக்கு ஒருவரைப் பணம் கட்டச் சொல்வது பேச்சுரிமைக்கு விரோதம் என்ற வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. அதை ஒப்புக்கொண்ட நீதிபதி எல்லாம் முதலாளி பக்கம் என்று சொன்னால், பாரபட்சமில்லாத நீதிபதி என்பதற்கு உங்கள் அளவுகோல்தான் என்ன? உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்பவரா?

நைட்ஷிப்ட்

தம்பி கேட்டது சரியான கேள்வி, தள்ளிவிட்டுப் போக மாட்டேன்.

எனக்குச் சாதகமான தீர்ப்பு எனக்கு வேண்டாம். ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2009 ஜனவரியில் இல்லினாய்ஸ் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஓட்டுநர், பின்னால் இழுத்து வந்த டிரெய்லரின் பிரேக் உறைந்துபோய் நின்றுவிட்டார். கேபினில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார், ஆள் வரும்வரை இரு என்றார்கள். மணிக்கணக்கில் காத்திருந்தார், கால் மரத்து உணர்வு போய்விட்டது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு லாரியை மட்டும் ஓட்டிக்கொண்டு கதகதப்பான இடத்துக்குப் போனார். சரக்கை விட்டுப் போனதற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொழிலாளர் துறை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பத்தாவது வட்டார நீதிமன்றமும் 2016-இல் 2-க்கு 1 என்று ஒப்புக்கொண்டது. மறுத்த ஒருவர், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கோர்சச். ஆபத்தான நிலையில் வண்டியை இயக்க மறுப்பவருக்குத்தான் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, இவர் மறுக்கவில்லை, ஓட்டிக்கொண்டு போனார் என்பது அவர் வாதம்.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த வாசிப்பும் சாத்தியம்தான். ஆனால் மற்ற இரண்டு நீதிபதிகளும் அதே வரியைத்தான் வாசித்தார்கள். இந்தச் சட்டம் எதற்காக வந்தது, அந்தக் குளிரில் அந்த மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது என்றும் பார்த்தார்கள். நான் கேட்பது அதைத்தான். உறைந்த காலோடு உட்கார்ந்திருந்தவரும் நீதிபதியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்த்த பிறகு எனக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு செய்துகொள்கிறேன்.

பிராண்டைஸ் அப்படிப்பட்டவர் என்று நினைக்கிறேன். 1910-இல் நியூயார்க் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சமாதானம் செய்துவைத்தவர். யூனியனில் இல்லாதவருக்கு வேலையே கூடாது என்ற யூனியன் கோரிக்கையை அப்போது அவர் ஏற்கவில்லை. ஆனாலும் 1916-இல் வில்சன் அவரைப் பரிந்துரைத்தபோது பெரிய வக்கீல்கள் எல்லாம் சேர்ந்து தகுதியில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாத இழுபறிக்குப் பிறகுதான் செனட் ஒப்புக்கொண்டது. 1962-இல் கென்னடி நியமித்த ஆர்தர் கோல்ட்பர்க் இரும்புத் தொழிலாளர் யூனியனின் வக்கீலாகவே இருந்தவர். கம்பெனி வக்கீல் நீதிபதி ஆவது எல்லாருக்கும் சகஜமாகத் தெரிகிறது. யூனியன் வக்கீல் வந்தால் மட்டும் ஏன் பாரபட்சம் என்ற பேச்சு வருகிறது? 2021-இல் யூனியன் அமைப்பாளராக இருந்த ஜெனிபர் சங் ஒன்பதாவது வட்டாரத்துக்கு வந்ததும் 50-க்கு 49 ஓட்டில்தான்.

ஆய்வு மாணவி

அக்கா, அடுத்த கூட்டத்துக்கு உதவும் என்று சில விஷயங்கள் சொல்கிறேன். உச்ச நீதிமன்ற நியமனம் வந்தால்தான் எல்லாரும் விழித்துக்கொள்கிறார்கள். அது வருடத்துக்கு அறுபது எழுபது வழக்குகளைத்தான் விசாரித்துத் தீர்ப்பெழுதுகிறது. வாரியத்தின் உத்தரவு முதலில் போவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சம்பளப் பாக்கி, பாகுபாடு, ஓவர்டைம் வழக்குகளோ 94 மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கின்றன.

மாவட்ட நீதிபதிக்கு உங்கள் மாநில செனட்டர்களின் நீலச் சீட்டு, அதாவது அவர்கள் சம்மதத்தைக் கேட்டு அனுப்பும் தாள், இன்னும் செல்லுபடி. அவர்கள் அதைத் திருப்பித் தராவிட்டால் பரிந்துரை வழக்கமாக நகராது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அந்தப் பழக்கத்தை 2018 வாக்கில் கைவிட்டார்கள். அதனால் உங்கள் போனுக்கு அதிக மதிப்பு இருப்பது மாவட்ட நியமனத்தில்தான். பல மாநிலங்களில் செனட்டர்கள் விண்ணப்பங்களைப் பார்க்க ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யூனியன் அந்தக் குழுவோடு பேச வேண்டியது பெயர் அறிவிக்கும் முன்னால்.

கருப்பு அங்கி

இதோடு ஒன்று சேர்க்கிறேன். செனட் நீதித்துறைக் குழுவுக்கு வேட்பாளர் நிரப்பிக் கொடுக்கும் கேள்வித்தாளைக் குழுவின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். தான் நடத்திய பத்து முக்கிய வழக்குகளை அவரே எழுதியிருப்பார், யாருக்காக வாதாடினார் என்பதும் இருக்கும். எந்தச் சூழலில் வழக்கிலிருந்து விலகுவார் என்ற கேள்வியும் உண்டு. பத்திலும் நிறுவனத்துக்காகவே வாதாடியிருந்தால் அதுவே குற்றம் என்று எழுதிவிடாதீர்கள், வக்கீல் தொழில் அப்படித்தான். அவர் சொந்தமாக எழுதிய கட்டுரை, பேச்சு, முன்பு நீதிபதியாக இருந்தால் அவர் எழுதிய தீர்ப்புகள், இவற்றில் தொழிலாளி தரப்பு வாதத்தை நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கிறாரா, இல்லை சொல்லாமலே விட்டுவிடுகிறாரா என்று பாருங்கள். டெக்சாஸ்வாசி கேட்ட அளவுகோலுக்கு என்னிடம் உள்ள பதில் இது.

டெக்சாஸ்வாசி

இந்த அளவுகோலை நான் ஏற்கிறேன். யூனியன் இப்படிப் படித்துவிட்டு, தீர்ப்பைக் காட்டி எதிர்த்தால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயரையும் நியமித்த கட்சியையும் மட்டும் பார்த்து எதிர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நைட்ஷிப்ட்

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தில் வந்த பெயருக்குரியவரின் கேள்வித்தாளை இறக்கி வைத்திருக்கிறேன், பெரிய ஆவணம். எங்கள் ஷிப்டில் நாலு பேர் பிரித்துக்கொண்டு படிக்கிறோம். வேலை தொடர்பான தீர்ப்புகளை நான் எடுத்துக்கொள்கிறேன். கருப்பு அங்கி சார், புரியாத இடம் வந்தால் இந்த இழையிலேயே கேட்கிறேன்.